கடைசிக் குளத்துப் பயத்தங்காய்

எண்பதுகளில் நான் மலேசியாவில், கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை பார்த்தேன். ஆலைக்குப் பின்னால் இருந்த கழிவுநீர்க் குளங்கள் என் பொறுப்பு. பழத்தை அவித்துப் பிழிந்த பிறகு மிஞ்சும் தண்ணீர் முதல் குளத்துக்குக் கறுப்பாக வரும். நாற்றம் தாங்காது. மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலத்தை நான் வழித்தெடுப்பேன். பிறகு அந்தத் தண்ணீர் ஒவ்வொரு குளமாக நின்று, புளித்து, தெளிந்து, கடைசிக் குளத்துக்கு வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். அப்போது நாற்றம் போய், வெளிறிய தேநீர் நிறத்தில் இருக்கும். ஆட்களோடு பேசக் கூச்சப்படும் எனக்கு அது தோதான வேலை. குளம் பதில் கேட்காது.

ஒரு வருடம் மழை பொய்த்தது. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக் குழாயில் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர். வீட்டுக்குப் பின்னால் போட்டிருந்த செடிகளெல்லாம் கருகின. கடைசிக் குளத்துத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்த ஆலை இன்ஜினியர், "செடிக்கு ஆகும். வேர்ல மட்டும் ஊத்து, காய்ல படவிடாத" என்றார். கரையோரம் ஆறு பாத்தி பயத்தங்காய் போட்டேன். காய்கள் முழ நீளத்துக்குத் தொங்கின.

ஆனால் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. கல்யாணமாகி எட்டு மாதமே ஆகியிருந்த என் மனைவி, கூடையைத் தூக்கிக்கொண்டு லயம் முழுக்கச் சும்மா கொடுக்கப் போனாள். கொண்டுபோன கூடை அப்படியே திரும்பி வந்தது.

"ஆலைக் கழிவு குடிச்ச காயாம். தொடக்கூட மாட்டேங்குறாங்க. கோயில் சோத்துக்காவது எடுத்துக்கிட்டா சரி. இல்லன்னா எல்லாத்தையும் நானே புடுங்கி எறிஞ்சிருவேன்" என்றாள்.

எங்கள் தோட்டத்தில் அம்மன் திருவிழாச் சாம்பாருக்கு வீட்டுக்கு வீடு காய் கொடுப்பது வழக்கம். கோயில் அண்டாவில் விழுந்த காயை எந்த வீடும் வேண்டாமென்று சொல்லாது. அதனால் அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

காப்புக் கட்டிய நான்காம் நாள் சாயந்தரம் கோயில் வாசலில் நடந்த கூட்டத்தில் எங்கள் காயைப் பற்றிப் பேச்சு வந்தது. தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர்தான் கோயில் தலைவர். கையில் கட்டிய மஞ்சள் காப்புக் கயிற்றோடு உட்கார்ந்திருந்தார்.

"கழிவுத் தண்ணிக் காய ஆத்தாவுக்குப் படைக்கிறதா? பக்கத்துத் தோட்டத்துக்காரன் சிரிப்பான் லா" என்றவர், என் பக்கம் திரும்பினார். "என்னப்பா, நீயே சொல்லு. அது சுத்தமான தண்ணியா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கால் நகத்தைப் பார்த்தேன். பதில் எனக்குத் தெரியும். கடைசிக் குளத்தில் திலாப்பியா மீன் நிறைய. வாரம் இரண்டு மூன்று தடவை மண்டோர் தூண்டிலோடு வருவார். அவருக்குச் சங்கடமாக இருக்குமே என்று நான் பம்புக் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். என் மனைவியிடம் மட்டும்தான் அதைச் சொல்லியிருந்தேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது. "மண்டோரய்யா, அந்தக் குளத்து மீன் மட்டும் சுத்தமா?"

மண்டோர் சட்டென்று காப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "ஏ புள்ள! அது காப்புக் கட்டுறதுக்கு முந்தி! கட்டுன நாள்லேருந்து நான் தூண்டிலத் தொட்டதே இல்ல. ஆத்தா மேல சத்தியம்!"

அவருடைய விரதத்தைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. அப்போது மண்டோர் மனைவி எழுந்து, "அப்ப அந்த மீனெல்லாம் தஞ்சோங் காராங் சந்தைல வாங்குனதுன்னு சொன்னீங்களே?" என்றார்.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. பூசாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மீனத் திங்கலாம், காயத் திங்கக் கூடாதா? கொண்டாப்பா. நல்லாக் கழுவிப் போடுவோம்" என்றார்.

திருவிழாவன்று இரண்டு சாக்குக் காய் கொண்டுபோனேன். மண்டோர் முதல் பந்தியில் உட்கார்ந்தார். சாம்பார் வாளியோடு நான் அவர் இலைக்கு வந்தபோது நிமிர்ந்து பார்க்காமலே, "காயா அள்ளிப் போடு, வெறும் தண்ணிய ஊத்தாத" என்றார். போட்டேன்.

இரண்டு நாள் கழித்து, பக்கத்து வீட்டு அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார். "சமைக்க ஒண்ணுமில்ல. ஒரு கட்டு பயத்தங்கா குடேன்" என்று என் மனைவியிடம் கேட்டார். அடுப்பில் இருந்த சோற்றை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவள் கூடையோடு குளத்துப் பக்கம் ஓடினாள்.