நாலு வீட்டு மொழிபெயர்ப்பு

செமஸ்டர் தொடங்கும் மாதத்தில் வெளிநாட்டு மாணவர் பிரிவில் வேலை பார்ப்பவருக்கு இரண்டு வாய் வேண்டும்: நம் ஊர்க்காரர்கள் சொல்வதைக் கேட்டு அடைத்துப்போக ஒன்று, அதையே இனிப்பு தடவி ஆங்கிலத்தில் சொல்ல இன்னொன்று. தாம்பரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் எட்டு வருடமாக அந்த நாற்காலி எனக்கு. கவுண்ட்டருக்கு உள்பக்கம் உட்காருகிறவர்களுக்கு என் பாடு புரியும். மற்றவர்கள் என்னைத் திட்டிக்கொள்ளலாம். நானே திட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

மாலை பத்தவில்லை

இந்த முறை ஒரு செமஸ்டர் படிக்க இரண்டு பெண்கள் வந்தார்கள். ஜெர்மனியிலிருந்து கிளாரா, தான்சானியாவிலிருந்து நீமா. வரவேற்புக்கு இரண்டு மாலை வாங்கியிருந்தேன். கடைசி நேரத்தில் தாளாளரின் மைத்துனர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டதால் ஒன்று அவருக்குப் போனது. மிச்சம் ஒன்றை யாருக்குப் போடுவது என்று நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அதுதான் இப்போது உறுத்துகிறது. கிளாரா கழுத்தில் போட்டேன். குத்துவிளக்கையும் அவளையே ஏற்றச் சொன்னேன். போட்டோகிராபர் அவளையே சுற்றிச் சுற்றி வந்தார். நீமா கையில் ஒரு ரோஜாவைக் கொடுத்துச் சமாளித்தேன்.

கூட்டம் கலைந்ததும் நீமா தன் செல்போனை என்னிடம் நீட்டினாள். "என்னை ஒரு போட்டோ எடுங்கள் மேடம். நானும் வந்துசேர்ந்தேன் என்று அம்மாவுக்குக் காட்ட வேண்டும்."

இருந்தும் ஆப்சென்ட்

பெண்கள் விடுதி நிரம்பிவிட்டது. இரண்டு பேருக்கும் வெளியே வீடு பார்த்துத் தருவது என் பொறுப்பு. அதுவரை கல்லூரி விருந்தினர் அறையில் இரண்டு வாரம் தங்கலாம். ஆனால் வீட்டு முகவரி இல்லாமல் அடையாள அட்டை கிடையாது. அட்டை இல்லாமல் வருகைப் பதிவு கிடையாது. வருகை குறைந்தால் பரீட்சை கிடையாது. கிளாராவுக்கு ஒரே நாளில் வீடு கிடைத்தது. நீமாவுக்குக் கிடைக்கவில்லை.

அவள் தினமும் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பேராசிரியர் கேள்வி கேட்டார், அவள் சரியாகப் பதில் சொன்னாள், அவர் பாராட்டினார், பிறகு ஆப்சென்ட் போட்டார். கெஞ்சிப் பார்க்கலாம் என்று ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். மனுஷர் வருத்தத்தோடுதான் சொன்னார்: "நல்ல பொண்ணு மேடம். கிளாஸ்ல இருக்கா. சிஸ்டத்துல இல்லையே!"

நாலு வீடு

சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் ஒரு சனிக்கிழமை நீமாவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு அலைந்தேன். முதல் வீடு, கிளாராவுக்குக் காபி கொடுத்து அறையும் கொடுத்தவருடையது. பக்கத்து அறை காலி என்று அவரே சொல்லியிருந்தார். நீமாவைப் பார்த்ததும், "இந்தப் பொண்ணாம்மா? அக்கம்பக்கத்துல நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. கண்ட நேரத்துல கண்டவங்க வருவாங்க. எங்களுக்கு எதுக்கும்மா வம்பு?" என்றார். நான் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில், "அவர் தங்கை மகள் வருகிறாளாம்" என்றேன்.

இரண்டாவது வீட்டில் இவர்கள் சமையல் நாற்றம் தாங்காது என்றார்கள். பெயிண்ட் அடிக்கப்போகிறார்கள் என்றேன். மூன்றாவது வீட்டம்மா கிரில் கேட் வழியாகப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்றேன். நாலாவது வீட்டில், "வெள்ளைக்காரப் பொண்ணு இருந்தா சொல்லுங்க" என்றார்கள். அதற்கும் என்னிடம் ஒரு பொய் இருந்தது.

ஸ்கூட்டியில் ஏறும் முன் நீமா கேட்டாள். "அவர்கள் அவ்வளவு நீளமாகப் பேசுகிறார்கள். நீங்கள் மட்டும் எப்படி மேடம் இவ்வளவு சுருக்கமாக மொழிபெயர்க்கிறீர்கள்?"

படிவம்

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பதும் சேலையூர்தான். எங்கள் வீட்டு மாடி மூன்று மாதமாகக் காலி. கட்டில், மின்விசிறி, தனிப் படிக்கட்டு எல்லாம் உண்டு. என் கணவர் வேண்டாம் என்று சொன்னதாக நினைக்காதீர்கள், பாவம். அவரிடம் நான் கேட்கவேயில்லை. அக்கம்பக்கத்தை நினைத்தேன். முதல் வீட்டுக்காரர் சொன்ன அதே நாலு பேரை. அவரைப் பற்றி வாய்க்கு வந்தபடி மனசுக்குள் பேசிவிட்டு நானும் அதையேதான் செய்தேன். வெட்கமாக இருக்கிறது.

விருந்தினர் அறையைக் காலி செய்யும் நாள் வந்துவிட்டது. காலையில் நீமா பெட்டியோடு என் மேஜை முன்னால் நின்றாள். எங்கள் அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கும் மல்லிகா அக்கா விளக்குமாற்றைச் சாத்திவைத்துவிட்டு வந்தார். "இன்னா மேடம், பொண்ண இப்டி நிக்க வெச்சுகினு? எங்க வூட்டு அட்ரஸ போடுங்க. நானு, என் பொண்ணு, ரெண்டே பேருதான். இவளும் படுத்துக்கட்டும்" என்றார். கோவிலம்பாக்கத்தில் ஒற்றை அறையும் சமையலறையும் உள்ள வீடு. கல்லூரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். நீமா சரி என்று தலையாட்டியதும் அடையாள அட்டைப் படிவத்தில் அந்த முகவரியை எழுதினேன். மறுநாளே அட்டை வந்தது, வருகைப் பதிவும் விழுந்தது.

நன்றி சொல்லத்தான் மல்லிகா அக்காவைத் தனியாகக் கூப்பிட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "உங்க மாடி காலியா கீதுன்னு எனக்குத் தெரியும் மேடம். அந்தப் பொண்ணு உங்க வூட்ல இடம் கேட்டுட்டா உங்களுக்குப் பேஜாரா பூடும்னுதான் நான் முந்திக்கினேன்."

வந்தாரை வாழவைக்கும் ஊர் என்று ஒவ்வொரு செமஸ்டரும் மேடையேறி வாசிப்பது நான்தான்; வாழவைப்பது மட்டும் வேறு யாராவது.