பஞ்சமம் இல்லாத ராகம்

எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்டுக்கும் எனக்கும் சிநேகம் உண்டானதே ஒரு சண்டையில்தான். நான் கணக்குப் பிரிவு. ஃபைல் புரட்டும்போது என் வாய் சும்மா இருக்காது, எதையாவது முனகிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் அவள் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"பிள்ளே, நீ பாடுறது என்னது? எங்கயும் ஒக்கார மாட்டேங்குதே!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தலைநகரின் கோட்டைக்குள் பிறந்து வளர்ந்தவள் நான், சிறு வயதிலிருந்து பாட்டு கற்றவள். மார்த்தாண்டத்திலிருந்து வந்து சர்ச்சில் கிட்டார் வாசிக்கிற ஒருத்தி என் பாட்டைக் குறை சொல்வதாவது! அது ஆறே சுரம் உள்ள ராகம், அதில் 'ப' என்கிற பஞ்சமம் கிடையாது, உனக்கெல்லாம் புரியாது என்று வெடுக்கென்று சொன்னேன். அவளுக்கு ரோஷமே வரவில்லை. "அப்பம் எனக்குச் சொல்லித் தா" என்றாள்.

அன்று சாயங்காலமே பாளையத்தில் அவள் தங்கியிருந்த பெண்கள் விடுதிக்குப் போனேன். விருந்தாளிகள் அறையில் இரண்டு பிரம்பு நாற்காலி. நான் ஒவ்வொரு சுரமாகப் பாடப் பாட, அவள் ஒரே தந்தியில் அதைத் தேடிப் பிடித்தாள். கிட்டார்க் கழுத்தில் குறுக்கே பதித்த மெட்டுகளில் ஒரு மெட்டு விட்டு அடுத்த மெட்டு. ஸ-வில் தொடங்கி மேல் ஸ வரை அதே தாவல்தான், எங்கும் கூடக் குறைய இல்லை. அவளுக்கு ஒரே குஷி.

பிறகு மூன்று சுரங்களைச் சேர்த்து மீட்ட ஆரம்பித்தாள். அதற்கு 'கார்டு' என்று பெயராம். எனக்கு ரேஷன் கார்டுதான் ஞாபகம் வந்தது. முதலில் ஸ-க-த. கையை அப்படியே இரண்டு மெட்டு மேலே நகர்த்தினாள், ரி-ம-நி. மறுபடி நகர்த்தினால், திரும்பவும் அதே ஸ-க-த வேறு வரிசையில். இன்னும் நகர்த்தினால் ரி-ம-நி. எவ்வளவு தூரம் போனாலும் அந்த இரண்டுக்குமேல் மூன்றாவது ஒன்று கிடைக்கவில்லை.

"ரெண்டும் வாசல்லயே நிக்குது கேட்டியா, உள்ள வரமாட்டேங்குது" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். கேட்க அழகாக இருக்கும், ஆனால் முடிந்த மாதிரி இருக்காது. அவளுக்கு அது பொறுக்கவில்லை. மத்தியமத்துக்கும் தைவதத்துக்கும் நடுவே நாங்கள் தாண்டிப்போன மெட்டில் விரலை வைத்து, "இஞ்ச ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போவோமே?" என்பாள்.

"அது பஞ்சமம்டீ. அதைத் தொட்டா ராகமே மாறிடும்."

"மாறினா என்ன, போலீஸா பிடிக்கும்?"

இப்படிப் பேசிக்கொண்டே பழவங்காடிவரை கூட நடந்து வருவாள். பிள்ளையார் கோயில் முக்கில் நான் கோட்டைக்குள் திரும்புவேன், அவள் வந்த வழியே தனியாகத் திரும்பிப் போவாள். மாதக்கணக்கில் இதே கதை. பஞ்சமத்தை நான் விட்டுக்கொடுக்கவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ராஜ்யம் மொழிவாரியாகப் பிரியப்போகிறது என்று ஆயிற்று. மார்த்தாண்டம் மதராஸ் பக்கம் போகிறது. தெற்கிலிருந்து வந்த உத்தியோகஸ்தர்களில் யார் யார் அந்தப் பக்கம் போக விரும்புகிறார்கள் என்று ஆபீசில் கேட்டார்கள். அவளுடைய அம்மா ஊரில் தனியாக இருந்தாள், கண் மங்கிக்கொண்டு வந்தது. போனால் வீட்டோடு இருந்து வேலை பார்க்கலாம். ஆனாலும் அவள் பதில் சொல்லாமல் நாளைக் கடத்தினாள். காரணம் நான்தான். "இங்கேயே இருந்துடு, சனிக்கிழமை சனிக்கிழமை பஸ் ஏறிப் போயிட்டு வா" என்று அவளை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அவள் வேண்டியிருந்தாள். இதை வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஒரு திங்கட்கிழமை அவள் ஊரிலிருந்து திரும்பியதும், அம்மா கஞ்சி வடிக்கும்போது பானையின் வாய் தெரியாமல் கையில் ஊற்றிக்கொண்டாள் என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பதில் சொல்ல மறுநாள்தான் கடைசி.

சாயங்காலம் விடுதியில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு கார்டுகளையே மாற்றி மாற்றி வாசித்தாள். நான் பாடினேன். மத்தியமம்வரை வந்தேன். அங்கிருந்து தைவதத்துக்குத் தாவ வேண்டும். தாவவில்லை. பஞ்சமத்தில் போய் நின்றேன், மூச்சு தீரும்வரை நின்றேன்.

அவள் கை ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு மெல்ல விரல்களை மாற்றி ஸ-க-ப வாசித்தாள். இத்தனை மாதமாக அந்த அறையில் நாங்கள் கேட்காத நிம்மதி அதில் இருந்தது.

"ராகம் மாறிப்போவும்னியே பிள்ளே" என்றாள்.

"மாறட்டும். நாளைக்கு நீ போறேன்னு சொல்லிடு. அம்மாகிட்டப் போடீ."

அவள் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பம் நீ?"

"எனக்கென்ன? பழையபடி பஞ்சமம் இல்லாமப் பாடிண்டிருப்பேன்."

சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை.