'வர முடியாது' என்று சொல்லிப் பழகிய கதை

ஒருவர் கூப்பிட்டால் "வர முடியாது" என்று சொல்ல எனக்கு முப்பத்தாறு வயது வரை தெரியாது. அதைக் கற்றுக்கொள்ள நான் இத்தாலிய மொழி வகுப்புக்குப் போக வேண்டியிருந்தது.

இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் நான் ஃபிட்டர். வைண்டிங் செக்‌ஷன், நூற்ற நூலைக் கோனில் சுற்றுகிற இடம். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. பேச்சு மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்குள் தன் மாமியார் குணம் வரைக்கும் என்னிடம் சொல்லி முடித்திருப்பார்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் மில்லுக்கு இத்தாலியிலிருந்து ஒரு வைண்டிங் மெஷின் வந்தது. அதை மாட்டிக்கொடுக்க ஓர் இத்தாலிக்காரரும் வந்து ஒரு மாதம் இருந்தார். மனிதர் மெஷினைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே ஏதோ சொல்வார், தானே சிரிப்பார். எனக்கு ஒரு எழுத்தும் புரியாது. ஸ்பானரை எடுத்துக் கொடுப்பேன், தலையாட்டுவேன், அவ்வளவுதான். பந்தியில் உட்கார வைத்து வாயைக் கட்டிவிட்டது போல இருந்தது. கிளம்புகிற அன்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நீளமாக ஒன்று சொன்னார். என்ன சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. "எண்ணெய் ஒழுங்காக விடு" என்பதாகவும் இருக்கலாம்.

அந்தக் குறையில்தான், பல்கலைக்கழகம் ஸ்ரீவில்லிபுத்தூரில் சனிக்கிழமை இத்தாலிய மொழி வகுப்பு தொடங்குகிறது என்று கேள்விப்பட்டதும் போய்ச் சேர்ந்தேன். முதல் நிலை சுலபமாக முடிந்தது. ஆப்பிள் எங்கே இருக்கிறது, மேசையின் மேல் இருக்கிறது. மழை பெய்கிறதா, பெய்யவில்லை. எங்கள் ஊரில் மழைக்கு அந்தப் பதில் ஒன்றே போதும்.

இரண்டாம் நிலைக்கு வந்தபோது விஷயம் சூடானது. மில்லில் இன்னும் நான்கு மெஷின் வாங்குவதாக முடிவாகி, பயிற்சிக்கு இரண்டு மாதம் ஓர் ஆளை இத்தாலிக்கு அனுப்பப் போவதாகப் பேச்சு வந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏப்பா, அந்த ரெண்டாவது பரீட்சைய பாஸ் பண்ணிட்டு சர்டிபிகேட்ட கொண்டா. உன்னையே அனுப்புறேன். இல்லைன்னா கோயம்புத்தூர்ல இருந்து ஒரு இன்ஜினியரப் போட்டு அவர அனுப்பிருவோம். பொறவு மெஷினத் தொறக்குறது அவரு, தொடைக்கிறது நீ."

அந்த மெஷினைத் துடைத்துத் துடைத்து எனக்கு அதன் மேல்தோல் முழுக்கத் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரே வழி அந்தப் பரீட்சை.

வகுப்பு நடந்தது தேரடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்து மூன்றாம் வகுப்பு அறையில். நாங்கள் ஏழு பேர். முட்டி பெஞ்சில் இடிக்க இடிக்கத்தான் உட்கார முடியும். பாடம் நடத்தியவர் ஒரு கன்னியாஸ்திரி. இத்தாலியில் ஆஸ்பத்திரி ஒன்றில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். என்னைவிட இரண்டு வயது சின்னவர். வாய் மட்டும் இருபது வயது பெரியது. யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார், தொழிலைச் சொல்லித்தான்.

பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அந்தப் பாடம் வந்தது: அழைப்பை நாகரிகமாக மறுப்பது. சிஸ்டர் ஒவ்வொருவராகத் தன் வீட்டு விருந்துக்கு இத்தாலியனில் அழைத்தார். "மி திஸ்பியாச்சே, நோன் போஸ்ஸோ" என்று சொன்னால் முடிந்தது. வருந்துகிறேன், முடியாது. மொத்தமே நாலு வார்த்தை.

பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்கிற முதலாளி முதலில் எழுந்தார். கட்டாயம் வருவதாகவும், வேலை வந்துவிட்டால் தன்னைத் தப்பாக நினைக்கக் கூடாது என்றும் சொன்னார். மகாராஜபுரத்திலிருந்து வருகிற டைப்பிஸ்ட் பெண், வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். என் முறை வந்தது. கடவுள் விட்ட வழி, பார்ப்போம் என்பதை எனக்குத் தெரிந்த இத்தாலியனில் ஒரு வழியாகக் கட்டி நிறுத்தினேன்.

சிஸ்டர் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"ஃபிட்டரே, நான் கேட்டது என்ன?"

"மறுக்கச் சொன்னீங்க சிஸ்டர்."

"நீங்க மறுத்தீங்களா?"

"மறுத்தேனே. பார்ப்போம்னு சொன்னேனே."

"அந்த ஊருல பார்ப்போம்னு சொன்னா பார்க்க வருவீங்கன்னு தட்டு எடுத்து வைப்பாக! ஏழு பேருல ஒருத்தருக்காவது முடியாதுன்னு சொல்ல வாய் வருதா? என்ன ஊருய்யா இது!"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஊரில் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட வருகிறவரிடம் யாரும் முடியாது என்று சொல்வதில்லை. வருகிறவரும் அதை எதிர்பார்ப்பதில்லை. "பார்ப்போம்" என்று இழுக்கிறவர் ஒருவேளை வருவார். "வராம எங்க போகப்போறேன்" என்கிறவர் பாதிக்குப் பாதி. "நான் இல்லாமயா? முத ஆளா நிப்பேன்ல!" என்று குரலை உயர்த்துகிறவருக்கு இலை போட வேண்டியதே இல்லை. கூப்பிட்டவர் வாசலைத் தாண்டும்போதே கணக்குப் போட்டுக்கொள்வார். இதில் பொய் என்று எதுவும் கிடையாது. இரண்டு பேருக்கும் தெரிந்த ஒன்று எப்படிப் பொய்யாகும்?

சிஸ்டர் விடவில்லை. "மொதல்ல தமிழ்ல பழகுங்க. இந்த வாரம் ஆளுக்கு ஒரு அழைப்ப நேருக்கு நேரா மறுத்துட்டு வரணும். காரணம் ஒண்ணு சொல்லலாம். கதை சொல்லக் கூடாது. இதுதான் வீட்டுப்பாடம்."

வீட்டுப்பாடம் தன் காலாலேயே நடந்து வந்தது. புதன்கிழமை சாயங்காலம், எதிர்வீட்டில் மளிகைக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சி தட்டோடு வந்தார், கூடவே அவர் சம்சாரம். மகள் வயிற்றுப் பேரனுக்குக் காதுகுத்து. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு.

எனக்குப் பேச்சுத் தேர்வு அதே ஞாயிற்றுக்கிழமை, பத்து மணிக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரில்.

மறுக்க உண்மையான காரணமும் இருந்தது, மறுக்கச் சொல்லி வீட்டுப்பாடமும் இருந்தது. மனதுக்குள் இத்தாலியனில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்.

"மன்னிக்கணும் அண்ணாச்சி. என்னால வர முடியாது."

தட்டு பாதி வழியில் நின்றது.

"என்ன தம்பி சொன்னீக?"

"வர முடியாது அண்ணாச்சி. அன்னைக்கு எனக்குப் பரீட்சை."

அண்ணாச்சி என் தலையைப் பார்த்தார். முன்பக்கம் முடி இறங்கத் தொடங்கியிருந்த தலை. "பரீட்சையா... முப்பத்தாறு வயசுலயா?" என்றார். தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு இரண்டு பேரும் போய்விட்டார்கள். காபி அடுப்பில் கொதித்துக்கொண்டே இருந்தது.

என் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். "ஏங்க, ஒங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"வீட்டுப்பாடம்டி."

"வீட்டுப்பாடமா? வீட்டக் கெடுக்குற பாடமா? வாரேன்னு சொல்லிட்டுப் போகாம இருந்தா ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்க மாட்டாக. நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவிய கடையில போய் உளுந்து வாங்க?"

அவள் சொன்னதுதான் நடந்தது. மறுநாள் காலைக்குள் தெரு முழுக்கச் செய்தி. எனக்கும் அண்ணாச்சிக்கும் என்ன பகை என்று ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். தீபாவளிக்கு அவர் கொடுத்த வெல்லம் இளகியிருந்தது என்றார்கள். அவர் வீட்டு முருங்கைக் கிளை எங்கள் பக்கம் சாய்கிறது என்றார்கள். தண்ணீர்க் குழாயடியில் ஒரு பெரியம்மா என்னை நிறுத்தியே கேட்டுவிட்டாள்: "ஏலே, நல்லாத்தான பழகிக்கிட்டு இருந்தீக? என்ன வந்துச்சு ஒங்களுக்கு?"

"பரீட்சை பெரியம்மா."

"சொல்ல இஷ்டம் இல்லைன்னா விடு. அதுக்காகப் பரீட்சைங்காத."

வெள்ளிக்கிழமை ராகுகாலம் கழிந்ததும் அண்ணாச்சி மறுபடி வந்தார். இந்தத் தடவை தட்டு இல்லை. கையில் பஞ்சாங்கம், பக்கத்தில் அவர் அண்ணன். சண்டைக்குத்தான் வருகிறார்கள் என்று மனைவி கதவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

"தம்பி, ஒங்க பரீட்சை எத்தனை மணிக்கு?"

"பத்து மணிக்கு அண்ணாச்சி."

"கேட்டியா?" என்று அண்ணனைப் பார்த்தார். "நான் சொன்னேம்ல, தம்பி நெசமாத்தான் சொல்லுதாருன்னு. சரி, காலையில ஏழு மணிக்குள்ள ஒரு நல்ல நேரம் இருக்கு. காத அப்பவே குத்திருவோம். நீங்க இருந்து பலகாரம் சாப்பிட்டுட்டுப் போய்ப் பரீட்சை எழுதுங்க. மத்தியானம் கறிச்சோத்துக்கு வந்துரலாம்."

நேரத்தையே மாற்றிவிட்டார்! "வாரேன்" என்று பொய்யாகச் சொல்லியிருந்தால் நான் பாட்டுக்குப் பரீட்சைக்குப் போயிருப்பேன். "முடியாது" என்று நிஜத்தைச் சொன்னதால் எனக்காக ஒரு முகூர்த்தமே நகர்ந்து உட்கார்ந்தது. கூமாப்பட்டியிலிருந்து வர வேண்டிய தாய்மாமன் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அழைப்புப் போன வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஐந்து மணிக்குக் குளிக்க வேண்டும். அந்த வாரம் தெருவில் என்னை வாழ்த்தியவர்கள் குறைவு.

ஞாயிற்றுக்கிழமை ஷாமியானாவுக்குள் நான் நுழைந்ததும் தூக்கம் கலையாத அத்தனை முகமும் திரும்பியது. "இவருக்காகத்தான்" என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். தாய்மாமன் மடியில் குழந்தை வீறிட்டது. அண்ணாச்சி குனிந்து, "ஏலே, எதிர்வீட்டு மாமாவுக்குப் பரீட்சைடா, சீக்கிரம் அழுது முடி" என்றார்.

இலையில் பொங்கலும் வடையும் கேசரியும். போதும் என்று கையை விரித்து இலையை மறைத்தேன். அண்ணாச்சி விரல் மேலேயே சாம்பாரை ஊற்றினார். "பரீட்சைக்குப் போற புள்ள" என்று இன்னொரு கரண்டி. நெற்றியில் சந்தனமும், மூச்சு விட இடமில்லாத வயிறுமாக எட்டரை பஸ்ஸில் ஏறினேன். வழிநெடுக வாய்க்குள்ளேயே, மி திஸ்பியாச்சே, நோன் போஸ்ஸோ. கண்டக்டர் மந்திரம் என்று நினைத்து டிக்கெட்டை மெதுவாக நீட்டினார்.

தேர்வு எடுக்க மெட்ராஸிலிருந்து ஓர் இத்தாலிய அம்மாள் வந்திருந்தார். நரைத்த முடி, மூக்கு நுனியில் கண்ணாடி. சிஸ்டர் ஜன்னலுக்கு வெளியே நிற்கலாம், வாய் திறக்கக் கூடாது. அந்த அம்மாள் என் வேலையைப் பற்றிக் கேட்டார். மெஷினைப் பற்றி நான் சொன்னதை அவர் நிறுத்த வேண்டியிருந்தது. பிறகு ஒரு அட்டையைத் திருப்பி வைத்தார். தோழி தன் மகளின் பிறந்தநாளுக்கு அழைக்கிறாள். நீங்கள் மறுக்க வேண்டும்.

அந்த அம்மாள் தோழியாக மாறி அழைத்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்: "மி திஸ்பியாச்சே, சிஞ்ஞோரா, நோன் போஸ்ஸோ." ஒரு பிசிறில்லை. ஜன்னலில் சிஸ்டர் முகம் மலர்ந்தது.

அதோடு விட்டிருக்கலாம். அந்த அம்மாள் நன்றாக நடிக்கக் கூடியவர். "பெக்காத்தோ" என்றார், அடடா என்று அர்த்தம். சொல்லிவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். எனக்கு அங்கே அவர் தெரியவில்லை. தட்டோடு பாதி வழியில் நின்ற அண்ணாச்சிதான் தெரிந்தார்.

"வா பேனே, சிஞ்ஞோரா! வெங்கோ, வெங்கோ!" என்றேன். சரிம்மா, வாரேன், வாரேன்!

சிஸ்டர் நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் உள்ளே கேட்டது.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். அட்டையில் இருப்பது புரியவில்லையா என்று கேட்டார். புரிந்தது என்றேன். பிறகு ஏன்? இத்தாலி போச்சு, மெஷினும் போச்சு, இனி என்ன என்று நான் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினேன். குழந்தையின் காதில் ஓட்டை போடுவார்கள் என்றதும் அவர் முகம் வெளுத்தது. மாமன் மடி, தங்கக் கம்பி, கேசரி என்று ஒவ்வொன்றாக அடுக்கி அவரைத் திரும்பக் கொண்டுவந்தேன். தெருவில் பரவியது, பஞ்சாங்கம் வந்தது, ஐந்து மணிக்குக் குளித்தது எல்லாம் சொன்னேன். தெரியாத வார்த்தைக்குக் கையை ஆட்டினேன். விரல் மேல் சாம்பார் ஊற்றிய இடத்தில் அவர் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார்.

முடிந்ததும், வழக்கம் விடுமா? அண்ணாச்சி வீட்டில் மத்தியானம் சாப்பாடு, நீங்களும் சிஸ்டரும் வர வேண்டும் என்றேன்.

"நோ, கிராட்சியே" என்றார் அந்த அம்மாள். வேண்டாம், நன்றி. மலர்ந்த முகம். மதுரைக்கு பஸ் பிடிக்க வேண்டுமாம். ஒரே காரணம், கதை இல்லை. பாடப் புத்தகத்தில் இருப்பது போலவே இருந்தது, ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனாலும் நெஞ்சுக்குக் கீழே சுருக்கென்று ஒன்று குத்தியது. அந்தப் புதன்கிழமை அண்ணாச்சிக்கு எம்புட்டு வலித்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த வலியோடு பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டிய மனிதர் அவர்.

மூன்று வாரம் கழித்து சிஸ்டர் மார்க் தாளைக் கொண்டுவந்தார். என்னிடம் தராமல் கையில் வைத்துக்கொண்டே படித்தார்.

"மறுத்தல், சைபர். பக்கத்துல எழுதியிருக்காக: இவர் மறுக்கவில்லை. ஏன் மறுக்கவில்லை என்பதை மிக நன்றாகச் சொன்னார்." மூக்கை உறிஞ்சினார். "கதை சொன்னதுக்குப் போட்ட மார்க்குதான் ஒங்களக் காப்பாத்திருக்கு. மூணு மார்க்கு வித்தியாசத்துல பாஸு. போங்க, போய் மெஷினத் தொறங்க ஃபிட்டரே."

டிக்கெட் வந்தது. எந்தத் தேதியில் கிளம்புகிறேன் என்று மில்லுக்கும் தெருவுக்கும் தெரியும். அண்ணாச்சி கடையில் உளுந்து வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் அவரே சொல்லிக்கொண்டிருந்தார்.

கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால் அவர் தட்டோடு வந்தார். பின்கட்டைப் புதிதாக எடுத்துக் கட்டியிருந்தார். பால் காய்ச்சப் போகிறார்கள். அது நான் விமானம் ஏறிப் போன பிறகு மூன்றாவது நாள்.

தட்டை நீட்டினார். வாயோரத்தில் சிரிப்பு. "வந்துரணும் தம்பி. குடும்பத்தோட."

என் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

நான் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். "நான் இல்லாமயா அண்ணாச்சி? முத ஆளா நிப்பேன்ல!"

"அதான பாத்தேன்" என்று அண்ணாச்சி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். அன்றைக்குக் குடிக்காமல் போன காபியையும் சேர்த்து இரண்டு டம்ளர் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.