லிட்கம் வாசலில் ஒரு மீசைப் பூசணி

1976 அக்டோபர் 29, வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு எங்கள் ரயில் சிட்னி சென்ட்ரல் நிலையத்தில் நின்றது. மெல்பர்னிலிருந்து தொள்ளாயிரத்து அறுபது கிலோமீட்டர், பதின்மூன்று மணி நேரப் பயணம். மெல்பர்ன் மருத்துவமனை ஒன்றில் மூன்று மாத ஆய்வகப் பயிற்சியை முடித்துவிட்டுச் சென்னை திரும்பிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை மதியம் விமானம். நடுவில் இருந்த மூன்று நாட்களும் ராணிக்கு.

ராணி யாழ்ப்பாணத்துக்காரி. சென்னையில் என்னோடு கல்லூரியில் படித்தவள், விடுதியில் ஒரே அறை. ரயில்வேயில் பொறியாளரான சிவநாதனைக் கல்யாணம் செய்துகொண்டு சிட்னிக்கு வந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. சென்ட்ரலில் இருந்து சிவப்பு நிற மின்சார ரயிலில் பதினேழு கிலோமீட்டர் போனால் லிட்கம். நிலையத்தில் இருவரும் காத்திருந்தார்கள்.

“வசந்தா! நல்லா மெலிஞ்சு போனாய். அங்க ஒருத்தரும் சாப்பாடு தரேல்லையோ?” என்று கட்டிக்கொண்டாள் ராணி. அவள்தான் சற்றுப் பூசினாற்போல் இருந்தாள். ஐந்தாம் மாதம். போன வருடம் ஒன்று தங்காமல் போனதைக் கடிதத்தில் எழுதியிருந்தாள், அதனால் நானும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

வீடு நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. சிவப்பு ஓடு, முன்னால் புல்தரை, பழுப்பு நிறக் கதவு. கதவுக்கு வெளியே ஈ வராமல் இருக்கக் கம்பிவலைக் கதவு ஒன்று. தெருவில் ஜக்கரண்டா மரங்கள் ஊதாவாகப் பூக்கத் தொடங்கியிருந்தன.

மாலை ஐந்து மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். ராணி திடுக்கிட்டாள். “ஆரா இருக்கும்? மீட்டர் பாக்கிற ஆளைத் தவிர இஞ்ச ஒருத்தரும் தட்டிறேல்லையே” என்றாள்.

வெளியே நின்றது எதிர்வரிசையில் மூன்றாம் வீட்டுக்காரி. பெயர் லிண்டா, அமெரிக்காவில் ஒஹாயோவிலிருந்து வந்து ஆறு வாரம். பக்கத்தில் எட்டு வயது மகள் ஜூலி. லிண்டா மூச்சுவிடாமல் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை ஹாலோவீன். அவர்கள் ஊரில் அன்று வாசல்கதவை எல்லாம் பயமுறுத்தும்படி அலங்கரிப்பார்களாம். பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகத் தட்டி, இனிப்பு தருகிறாயா, குறும்பு செய்யட்டுமா என்று கேட்பார்களாம். இந்தத் தெருவில் ஒன்பது வீடுகளில் கேட்டுப் பார்த்தாளாம். யாருக்கும் அது என்னவென்றே தெரியவில்லை. ராணி வீட்டுக்கு அடுத்த வீட்டு ஹாரிஸுக்கு மட்டும் தெரிந்திருந்தது. ஆனால் அவர் “அதெல்லாம் அமெரிக்கப் பைத்தியம்” என்று சொல்லிவிட்டாராம்.

“தட்டுவதற்கு ஒரு கதவாவது வேண்டும். உங்கள் கதவைக் கொஞ்சம் அலங்கரித்துக்கொள்ளலாமா?” என்று கேட்டாள். ஜூலி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புதுப் பள்ளியில் இன்னும் ஒரு சிநேகிதிகூட இல்லை என்று லிண்டா தாழ்ந்த குரலில் சொன்னாள்.

எனக்குத் தாங்க முடியவில்லை. என் வீடு இல்லை என்பதையே மறந்துவிட்டு, “செய்யலாமே!” என்று சொல்லிவிட்டேன்.

அவர்கள் போனதும் ராணி சமையலறைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “உனக்கென்ன விசரே? இந்த நேரத்தில வாசலில பேயைக் கட்டி வைக்கிறதோ? எனக்குப் பயமாக் கிடக்குது, வசந்தா.”

அவள் கை வயிற்றின் மேல் இருந்தது. அப்போதுதான் நான் செய்தது உறைத்தது. “சாரிடி. நாளைக்குக் காலைல நானே போய் வேண்டாம்னு சொல்லிடறேன்” என்றேன்.

சாப்பிடும்போது சிவநாதன் பொதுவாகக் கேட்டார்: “என்ன பொருளை வைச்சு அலங்கரிக்கிறவையாம்?”

“பூசணிக்காய்ல முகம் வெட்டி வாசல்ல வைப்பாங்களாம், அண்ணா.”

சொல்லி முடிக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏ ராணி! நம்ம ஹாஸ்டல் பக்கத்துல புதுசா வீடு கட்டினாங்களே, ஞாபகம் இருக்கா? வாசல்ல என்ன தொங்கிச்சு?”

ராணி யோசித்தாள். “பூசணிக்காய். பல்லு, மீசை எல்லாம் கீறி.”

“அது பேயைக் கூப்பிடறதுக்கா, விரட்டறதுக்கா?”

“கண்ணூறு படாமலிருக்க.” அவள் மெல்ல நிமிர்ந்தாள். “எங்கட ஊரிலயும் வீடு கட்டேக்க வெருளிப் பொம்மை வைக்கிறவை. பொறு, பொறு. அப்ப இது காவலுக்கு வைக்கிறதோ?”

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “அப்ப மீசை வைக்க வேணும். மீசையில்லாத காவல்காரனை நான் வாசலில விடமாட்டன்.”

சனிக்கிழமை காலை ஏழு மணி. லிண்டா, ஜூலி, நான் மூவரும் அடுத்த நிலையமான ஃப்ளெமிங்டனுக்கு ரயிலேறினோம். பெரிய காய்கறிச் சந்தை அங்கே வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. கொட்டகைகளின் நீளத்தைப் பார்த்தால் நம் சென்னைக் கொத்தவால்சாவடியை உள்ளே மடித்து வைக்கலாம் போலிருந்தது. ஆனால் லிண்டா தேடிய ஆரஞ்சு நிறப் பூசணி மட்டும் இல்லை. இந்த நாட்டுப் பூசணி சாம்பல் பூத்த நீலம், கல்லைப் போன்ற தோல். அதையும் துண்டு போட்டுத்தான் விற்கிறார்கள். பதினோராவது கடையில் லெபனான்காரர் ஒருவர் முழுப் பூசணி வைத்திருந்தார்.

“சூப்புக்கா?” என்று கேட்டார்.

“இல்லை, முகம் வெட்டுவதற்கு” என்றாள் ஜூலி. அன்று காலை அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

அவர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். “யாருடைய முகம்?” என்று கேட்டார். ஜூலி விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டு வாசலுக்கும் இரண்டு பூசணி, ஒன்று ஒரு டாலர். ஒவ்வொன்றும் ஆறு கிலோவாவது இருக்கும். கைக்குழந்தையைத் தூக்குவது போல் இடுப்பில் வைத்துக்கொண்டு ரயிலேறினோம்.

பத்து மணிக்கு ராணியின் சமையலறையில் வேலை தொடங்கியது. முதல் வெட்டிலேயே கத்தி பூசணிக்குள் சிக்கிக்கொண்டது. நான் இழுத்தேன், லிண்டா இழுத்தாள், வரவில்லை. அதுவரை பேப்பர் படித்துக்கொண்டிருந்த சிவநாதன் எழுந்து வந்தார். “தள்ளுங்கோ. இது கத்தி வேலையில்லை” என்று சொல்லி, இரும்பறுக்கும் ரம்பத்தை எடுத்துவந்தார். பிறகு அவரை அந்த மேசையிலிருந்து யாராலும் எழுப்ப முடியவில்லை. கண்ணுக்கு முக்கோணம், பல்லுக்குச் சதுரம் என்று பென்சிலால் அளந்து கோடு போட்டார். “பல்லு சமச்சீராய் இருக்க வேணும்” என்றார். “கோணலாக இருந்தால்தான் பயமாக இருக்கும்” என்றாள் லிண்டா. பத்து நிமிட வாதத்துக்குப் பிறகு மேல்வரிசை நேராகவும் கீழ்வரிசை கோணலாகவும் அமைந்தன.

மீசையை ராணியே வரைந்தாள். அடுப்புக்கரியைக் குழைத்து, இரண்டு பக்கமும் காதுவரை முறுக்கிவிட்டாள். தோண்டியெடுத்த சதையில் பாதி தேங்காய்ப்பால் கறியாயிற்று, மீதியை லிண்டா அவர்கள் ஊர் இனிப்புப் பணியாரம் சுட எடுத்துப் போனாள்.

கதவு என் பொறுப்பு. கம்பிவலைக் கதவில் ஆணி அடிக்க வேண்டியதே இல்லை, எல்லாவற்றையும் கொண்டையூசியால் மாட்டிவிடலாம். ஆய்வகத்துக்காக வாங்கி வைத்திருந்த பஞ்சுச் சுருள் என் பெட்டியில் இருந்தது. அதை மெல்லிசாக இழுத்து நிலை முழுவதும் சிலந்தி வலை கட்டினேன். சிவநாதனின் பழைய கார்பன் தாள்களில் ஜூலி வௌவால்கள் வெட்டினாள். மொத்தம் இருபத்திரண்டு. எங்கள் கை, மூக்கு, ராணியின் சுவர் எல்லாம் நீலம். வாசற்படிக்குக் கீழே நான் மாவில் கோலம் போட்டேன். “பேய்க்கும் கோலமோ?” என்றாள் ராணி. “வர்றவங்க யாரா இருந்தா என்னடி” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி. பூசணிக்குள் மெழுகுவர்த்தி ஏற்றினோம். ஒன்றும் தெரியவில்லை! அன்று காலைதான் கோடைக்காக ஊர்க் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியிருந்தார்கள். வெயில் பளீரென்று அடித்தது. இருட்டத் தொடங்க ஏழரை ஆகிவிடும்.

ஜூலியால் காத்திருக்க முடியவில்லை. ஆறரைக்கு வலைக்கதவு தடதடத்தது. கறுப்புச் சட்டை, மை தீட்டிய மூக்கு, காலுறையில் பஞ்சடைத்த வால். பூனை. மனப்பாடம் செய்திருந்த வாசகத்தைக் கத்திச் சொன்னாள். ராணிக்குப் பதில் தெரியவில்லை. “ஓம், ஓம், வாங்கோ!” என்று தமிழிலேயே சொல்லி, முறுக்கும் பயற்றம் பணியாரமும் டாஃபியும் அள்ளிப் பையில் போட்டாள்.

ஜூலி இறங்கிப் போனாள். தெருவைப் பார்த்தாள். வேறு அலங்கரித்த வாசல் அவள் வீட்டு வாசல் மட்டும்தான். ஒரு நிமிடம் நின்றாள். திரும்பி வந்து மறுபடியும் எங்கள் கதவையே தட்டினாள். ராணி புதிதாக யாரோ வந்தது போலத் திறந்து, புதிதாகப் பயந்து, மறுபடி அள்ளிப் போட்டாள். மூன்றாம் முறை வந்தபோது ஜூலியின் குரல் கம்மியிருந்தது. லிண்டா அவள் வீட்டு வேலியருகே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அப்போது சைக்கிளில் போய்க்கொண்டிருந்த இரண்டு சிறுமிகள் வாசலில் கால் ஊன்றி நின்றார்கள். “நீ என்ன செய்கிறாய்?” என்று ஜூலியைக் கேட்டார்கள். அவள் சொன்னாள். “சும்மா தட்டினால் தருவார்களா?” என்றாள் ஒருத்தி.

“வேஷம் போட வேண்டும்” என்றாள் ஜூலி கண்டிப்பாக.

சைக்கிள்கள் பறந்தன. கால் மணியில் இருவரும் படுக்கை விரிப்பைப் போர்த்துக்கொண்டு வந்தார்கள், பின்னால் ஒருத்தியின் தம்பியும் தங்கையும். அவர்களைப் பார்த்து இன்னும் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். ஏழரை மணிக்கு வெளிச்சம் மங்கி, பூசணியின் கண்ணும் பல்லும் தகதகவென்று எரியத் தொடங்கியபோது வாசலில் பதினொரு பேய்கள் நின்றன. ஜூலிதான் தலைவி. யார் முதலில் தட்டுவது, எப்படிக் கத்துவது எல்லாம் அவள் உத்தரவு. முறுக்கு தீர்ந்து மாரி பிஸ்கட்டுக்கு வந்துவிட்டோம்.

புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஹாரிஸ் குழாயை நிறுத்திவிட்டு வேலியோரம் வந்தார். பூசணியை உற்றுப் பார்த்தார். பிறகு சிவநாதனின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“மீசை உன்னுடையதுதானே?” என்றார்.

சிவநாதன் தன் மீசையைத் தடவிக்கொண்டார். “இல்லை, என்னுடையது இவ்வளவு நன்றாக இல்லை” என்றார். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். ஹாரிஸ் உள்ளே போய் ஒரு சட்டி நிறைய எலுமிச்சம்பழம் கொண்டுவந்து, பிள்ளைகளின் வரிசையில் நின்று, முறைப்படி கதவைத் தட்டி, ராணியிடம் கொடுத்தார்.

ராணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வௌவால் மாட்டிய கதவைத் திறந்து திறந்து கையில் ஒட்டியிருந்த கார்பன் நீலம் கன்னம் முழுக்கப் பரவியது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விமான நிலையத்துக்குக் கிளம்பினேன். ராணியும் வருவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் லிண்டாவும் ஹாரிஸின் மனைவியும் ஒன்பதரைக்கே வந்து, முறுக்கு எப்படிப் பிழிவது என்று கேட்டுக்கொண்டு சமையலறையில் நின்றார்கள். “நீ போயிட்டு வா, வசந்தா. கட்டாயம் எழுது, என்ன?” என்று மாவுக் கையோடு என்னை அணைத்துவிட்டு உள்ளே ஓடினாள். சிவநாதன்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

விமானம் மேலே எழும்பியதும் மெல்பர்ன் நினைவு வந்தது. அங்கே நான் தங்கியிருந்த விடுதியின் மாடியில் ஆறு அறைகள். எதிர் அறையில் ஒரு பெண் மூன்று மாதமும் தனியாகத் தேநீர் போட்டுக் குடிப்பது கதவு வழியே கேட்கும். இந்த ஊர்க்காரர்கள் யாரோடும் பேசமாட்டார்கள் என்று வீட்டுக்குக் கடிதத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணின் பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. எட்டடி தூரம்தான். நான் ஒரு நாளும் போய்த் தட்டவில்லை.