பாஸ் பண்ணிய தீவு

தீவுகளில் சீனி வருத்தத்தை, அதாவது நீரிழிவை, தடுப்பது எப்படி என்று எனக்கு யாழ்ப்பாணத்து ஹோட்டல் ஒன்றில் மூன்று நாள் வகுப்பு எடுத்தார்கள். மத்தியானம் பொரித்த சோறும் கோழியும், பிறகு தித்திக்கிற கருப்பட்டி வட்டிலப்பம், அதற்கு மேல் ஐஸ்கிறீம். சாப்பாட்டுப் பழக்கத்தை மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று பேசியவர், இரண்டாவது வட்டிலப்பத்துக்கு எழுந்து போனதை நான் கண்ணால் கண்டேன். வரும்போது எனக்கும் ஒன்று கொண்டுவரச் சொன்னேன். நான் ஓய்வு பெற்ற தாதி, சனத்துக்கு மிஸி. கொக்குவிலில் வீட்டு மதிலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவளுக்கு வெளிநாட்டுக் காசில் ஒரு திட்டம் வேலை தருகிறது என்றால், வட்டிலப்பத்தோடு நான் ஏன் கோபிக்க வேண்டும்?

மாதம் ஒருமுறை குறிகட்டுவானில் படகேறி ஒரு சின்னத் தீவுக்குப் போக வேண்டும். அங்கே வாசிகசாலையில் மேசை போட்டு, விரலில் குத்திச் சீனி பார்க்க வேண்டும், பிரசர் பார்க்க வேண்டும், காலில் புண் இருந்தால் கழுவிக் கட்ட வேண்டும், எல்லாருக்கும் புத்தி சொல்ல வேண்டும். கடைசி வேலைதான் எனக்கு நன்றாக வரும். திட்டத்தின் மிச்சக் காசு போன வழி விசித்திரமானது. உப்பைக் குறையுங்கள் என்று எழுதிய குடை வீட்டுக்கு ஒன்று கொடுத்தார்கள். கடற்கரையில் உடற்பயிற்சி இயந்திரங்கள் நட்டார்கள். மூன்று மாதச் சீனியை ஒரேயடியாகக் காட்டிக் கொடுக்கும் இரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறது, அதற்கு மட்டும் காசு இல்லை என்றார்கள். நாள் முழுக்க வலை இழுக்கிற ஆட்கள் அந்த இயந்திரங்களை ஒருநாள் ஆட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். அடுத்த மாதம் நான் போனபோது அவற்றில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது.

வாசிகசாலைக்கு எதிரே தேத்தண்ணீர்க் கடை வைத்திருந்தவள்தான் என் முதல் நோயாளி. ஐம்பது வயது இருக்கும், தனி ஆள். சீனி எப்போதும் உச்சத்தில். வலது காலின் சின்ன விரலில் ஆறாத புண் ஒன்று. ஒரு கோப்பைக்கு மூன்று கரண்டி சீனி போடாதே என்று நான் முதல் நாளே பாய்ந்தேன். அவள் சீனி இல்லாமல் ஒரு கோப்பை ஊற்றி என் முன்னால் வைத்தாள்.

"எங்கடை உவர்த் தண்ணியிலை சீனி போடாத தேத்தண்ணி இது. குடிச்சிட்டு எனக்குப் புத்தி சொல்லுங்கோ மிஸி."

குடித்தேன். அதற்குப் பிறகு தேத்தண்ணீரை விட்டுவிட்டுச் சோற்றைப் பற்றி மட்டும் அவளோடு சண்டை பிடித்தேன். அந்தப் புண்ணுக்கு யாழ்ப்பாணம் போ என்றால், படகும் இரண்டு பஸ்ஸும் ஏறி ஒருநாள் கடையைப் பூட்ட அவளால் முடியாது. நான்தான் மாதாமாதம் கழுவிக் கட்டினேன், இடையில் கட்டுவதற்குத் துணியும் மருந்தும் கொடுத்துவிட்டு வந்தேன். விரல் ஆறவும் இல்லை, மோசமாகவும் இல்லை. என்னை விட்டால் அதைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை.

மூன்றாம் வருடம், திட்டம் பயன் தந்ததா என்று பார்க்கக் கொழும்பிலிருந்து ஒரு அதிகாரியும் வெளிநாட்டுப் பெண் ஒருத்தியும் வரப்போவதாகச் செய்தி வந்தது. அதற்கு முந்திய மாதம் தேத்தண்ணீர்க் கடைக்காரியிடம் நான் வாயை விட்டேன். இந்த முறை எல்லாருக்கும் சீனி குறைந்து காட்டினால் காசு தொடர்ந்து வரும், இல்லாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள் என்றேன். அப்படித்தான் நடக்கும் என்று நானும் நம்பினேன்.

யாரிடம் சொல்கிறேன் என்று யோசித்திருக்க வேண்டும். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் தண்ணீரோடு இருக்கிற சனம் அது. சேர்ச் பக்கத்து ஆட்கள் தவக்காலத்தில் ஒருநேரச் சாப்பாட்டோடு ஒருசந்தி பிடித்துப் பழகியவர்கள். பட்டினி கிடக்க அவர்களுக்கு வகுப்புத் தேவையில்லை, வட்டிலப்பமும் தேவையில்லை. கடைக்காரி நொண்டி நொண்டி வீடு வீடாகப் போய், பரிசோதனைக்கு முன் மூன்று நாள் ஒருவரும் வாயில் எதுவும் வைக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள். கோயில் பக்கமும் சேர்ச் பக்கமும் சண்டை இல்லாமல் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

எனக்கு ஒன்றும் தெரியாது. அன்று காலை மேசைக்கு வந்த ஒவ்வொரு விரலும் நல்ல எண்ணாகக் காட்டியது. அதிகாரி எழுதிக்கொண்டே போனார். வெளிநாட்டுப் பெண் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். இது என்னுடைய சுகாதாரக் கல்வியின் பலன் என்று நானே அவளுக்கு விளக்கினேன். அந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் என் காது சுடும்.

இருவரும் உடற்பயிற்சி இயந்திரங்களில் ஏறிப் படம் எடுக்கக் கடற்கரைக்குப் போனார்கள். கருவாட்டை முதல் நாளே எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த நேரம் வரிசையில் நின்ற வயதான மீனவர் ஒருவர் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, வாங்குப் பலகையில் சரிந்தார். விரலில் குத்திப் பார்த்தேன். சீனி அடிமட்டத்தில் கிடந்தது. நான் போட்ட சத்தத்தில் கடைக்காரி சீனிப் பேணியோடு ஓடி வந்தாள். தண்ணீரில் கரைத்துப் பருக்கினேன். கண் தெளிந்ததும் கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று கேட்டேன். அவர் அவளைப் பார்த்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றார். அன்று புதன்கிழமை.

"குளிசை போட்டனியளோ?"

"ஓம் மிஸி. குளிசையை மட்டும் விடக்கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

பட்டினி வயிற்றில், சீனியை இறக்குகிற மாத்திரை. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் மனிதர் அந்த வாங்கிலேயே முடிந்திருப்பார். வாசிகசாலையில் இருந்த எல்லாரையும் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர்கள் பசியோடு தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்கள். ஏசி முடிந்ததும் கடைக்காரி என் கையைப் பிடித்தாள்.

"அவைக்குச் சொல்லிப்போடாதேங்கோ மிஸி. காசு வராட்டி நீங்கள் வரமாட்டியள். நீங்கள் வராட்டி என்ரை காலை ஆர் பாக்கிறது?"

நான் சொல்லவில்லை. அவளுக்காக என்று அன்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்தக் கைகுலுக்கல் எனக்குப் பிடித்திருந்தது என்பதும் உண்மை.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. எதிர்பார்த்ததைவிட நல்ல பலன் கிடைத்துவிட்டதாம். ஆகவே இந்தத் தீவுக்கு இனி உதவி தேவையில்லையாம். காசு, இன்னும் கஷ்டப்படுகிற வேறொரு மாவட்டத்துக்குப் போகிறதாம். கூடவே என் பெயர் போட்டு, கண்ணாடி பிடித்த சான்றிதழ் ஒன்று. ரியூசன் காசு பாஸ் பண்ணின பிள்ளைக்கு இல்லை, ஃபெயில் விட்ட பிள்ளைக்குத்தான் என்ற சின்ன விஷயம், இத்தனை வருடம் உத்தியோகம் பார்த்த என் மண்டையில் ஏறவில்லை.

கிளினிக் நின்றது. தீவு பாஸ் பண்ணிவிட்டதால்தான் என்று கடைக்காரிக்குச் சொன்னேன். போனில் கேட்கும்போதெல்லாம் விரல் காய்ந்து வருகிறது என்றாள். எனக்கும் அதை நம்புவது சுகமாக இருந்தது. மூன்றாம் மாதம் மனம் கேளாமல் நானே படகேறிப் போனேன். கடைக்குள் காலை வைத்ததும் அழுகல் மணம் பிடித்துவிட்டது. சின்ன விரல் கறுத்திருந்தது, பக்கத்து விரலும் தொடங்கியிருந்தது. என் கையில் இருந்த கருவி எண் காட்டவில்லை, அளவைத் தாண்டிவிட்டது என்று மட்டும் காட்டியது. அடுத்த படகிலேயே அவளை ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு வந்தேன். இரண்டு விரலையும் எடுத்தார்கள். இவ்வளவோடு நின்றது அவளுடைய அதிர்ஷ்டம்.

இரண்டு நாள் கழித்து வார்ட்டுக்குப் போனேன். அவள் ஏசினால் வாங்கிக்கொள்வதென்று வழி முழுக்க என்னைத் தயார்படுத்திக்கொண்டு போனேன். அவள் ஏசவில்லை. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, கிட்ட வரச் சொன்னாள்.

"மிஸி, இப்ப நான் ஃபெயில்தானே. இந்தக் காலைப் படம் பிடிச்சு அவைக்கு அனுப்பிவிடுங்கோ. திரும்பி வருவினமெல்லோ?"

அவள் போர்வையை விலக்கி, கட்டுப்போட்ட காலை வெளிச்சம் படும்படி ஜன்னல் பக்கம் நீட்டி வைத்தாள். நான் போனை எடுத்தேன். படம் கலங்கலாக விழுந்தது. வாங்கிப் பார்த்துவிட்டு, இது தெளிவில்லை, விரல் இல்லாதது தெரிகிற மாதிரி இன்னொன்று எடுங்கோ என்றாள்.