புரியவில்லை என்று சொன்னவள்

காமாக்ஷி ஸ்பானிஷ் படிக்கிறாள் என்று தெரிந்ததும் டெல்லி லோதி ரோட்டு அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஓய்வு பெறப்போகிற நேரத்தில் என்ன இந்த ஆசை என்று கேட்டார்கள். அவளும் சிரித்து மழுப்பினாள். உண்மைக் காரணம் ஸ்பெயினின் வலென்சியா நகரில் இருந்தது. அங்கே வேலை பார்க்கும் ஜெயகிருஷ்ணன், கணவர் காலமான பிறகு அவளுக்கென்று இருக்கும் ஒரே மகன், எலேனா என்ற அந்த ஊர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறான்.

"அவ அப்பா அம்மாக்கு இங்கிலீஷ் சுத்தமா வராதும்மா. நீ வந்தா மூணு பேரும் மூஞ்சியைப் பார்த்துண்டு உட்கார வேண்டியதுதான்" என்றான் போனில்.

"ஏன் உட்காரணும்? கரோல் பாகுக்குக் கல்யாணமாகி வந்தப்போ எனக்கு ஹிந்தி தெரிஞ்சுதா? காய்கறி விக்கற சப்ஜிவாலாகிட்ட சண்டை போட்டே கத்துக்கலையா?"

"அச்சா, அச்சா. இங்கயும் வந்து சண்டை போடு."

அதன் பிறகுதான் அவள் மாலை வகுப்பில் சேர்ந்தாள். ஆசிரியை ஸ்ம்ருதிக்கு ஜெயகிருஷ்ணனைவிட வயது குறைவு. காலையில் விழிப்பது, குளிப்பது, சாப்பிடுவது, வேலைக்குப் போவது என்று அன்றாட வினைச்சொற்களை முதலில் சொல்லிக்கொடுத்தாள். மெட்ரோவில் வீட்டுக்குத் திரும்பும்போது காமாக்ஷி அவற்றை முணுமுணுத்துக்கொண்டே வருவாள். விழித்தலுக்கு 'தெஸ்பெர்தார்'. அந்தச் சொல் மட்டும் நாக்கில் சிக்கி அவளைப் படாதபாடு படுத்தியது.

ஜூன் மாதத்தில் ஒரு நாள், சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஜெயகிருஷ்ணனை ஒரு லாரி அடித்துத் தள்ளிவிட்டது. ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். காமாக்ஷியின் தம்பி ராமமூர்த்தி அலைந்து திரிந்து விசா வாங்கிக் கொடுத்தான். கல்யாணத்துக்கு என்று வாங்கி வைத்திருந்த பெட்டியிலேயே துணிகளை அடைத்துக்கொண்டு அவள் விமானம் ஏறினாள்.

வலென்சியாவில் மகனுடைய வீட்டில் தங்கினாள். அவன் செருப்பு வாசலிலேயே கிடந்தது. பட்டனை அழுத்தினால்தான் பஸ் நிற்கும் என்று தெரியாமல் முதல் நாள் ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போய்விட்டாள். யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. டெல்லியில் என்றால் பஸ்ஸில் நாலு பேர் வலிய வந்து வழி சொல்வார்கள், அதில் இரண்டு பேர் தப்பாகவும் சொல்வார்கள். இங்கே எல்லோரும் அவரவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் கடைகளை அடைத்துவிட்டதால் பால்கூட வாங்க முடியாமல் பூட்டிய கதவின் முன் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

மொழி மட்டும் வேகமாக வந்தது. ஸ்ம்ருதி சொல்லித்தராத சொற்களையெல்லாம் நர்சுகள் சொல்லித்தந்தார்கள். திருப்பிப் படுக்க வைக்க, வாயைத் துடைக்க, ஜுரம், குழாய், நாளைக்கு. எலேனா தினமும் வருவாள், கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்து அவன் கை நகங்களை வெட்டிவிடுவாள். இரண்டு பேரும் அரைகுறை வாக்கியங்களில் பேசிக்கொண்டார்கள். அவன் சின்ன வயதில் பல்லியைக் கண்டு பயந்ததைச் சொல்ல, காமாக்ஷி கையால் சுவரில் பல்லி மாதிரி ஊர்ந்து காட்டினாள். எலேனா சிரித்துவிட்டு அழுதாள்.

மூன்றாவது வாரம் டாக்டரம்மா இருவரையும் ஓர் அறைக்கு அழைத்துப்போனார். மொழிபெயர்ப்பவர் போனில் இருந்தார். டாக்டர் மெதுவாக ஏதோ சொன்னார். அதை எப்படி இதமாகச் சொல்லலாம் என்று போனில் இருந்தவர் தயங்கிக்கொண்டிருந்தார். காமாக்ஷிக்கு அதற்குள் புரிந்துவிட்டது. 'நோ வா அ தெஸ்பெர்தார்.' இனி விழிக்க மாட்டான்.

மூளைச்சாவு என்றார்கள். உறுப்பு தானம் பற்றிக் கேட்டார்கள். யோசித்துச் சொல்லுங்கள் என்று போனை அணைத்துவிட்டு டாக்டர் ஒதுங்கி நின்றார்.

எலேனா அவள் பக்கம் திரும்பினாள். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, குழந்தைக்குச் சொல்வதுபோல ஸ்பானிஷில் சொன்னாள். அவன் அதை விரும்பினான், என்னிடம் சொல்லியிருக்கிறான், கொடுக்க முடிந்ததையெல்லாம் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறான்.

காமாக்ஷிக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது.

"நோ எந்தியெந்தோ" என்றாள். புரியவில்லை.

எலேனா நெஞ்சில் கை வைத்துக் காட்டி மறுபடியும் சொன்னாள். காமாக்ஷி தலையை ஆட்டி, புரியவில்லை என்று மறுபடியும் சொன்னாள். பிறகு டாக்டரிடம் போய், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், என் பிள்ளையை முழுசாக ஊருக்குக் கொண்டுபோக வேண்டும், அவன்மேல் கத்தி படக் கூடாது என்றாள். அவர் வற்புறுத்தவில்லை.

ஆனால் விபத்தில் போன உயிர் என்பதால் சட்டப்படி பிரேதப் பரிசோதனை செய்துதான் உடலைக் கொடுத்தார்கள். இதை அவளிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. டெல்லி மயானத்தில் பெட்டியைத் திறந்தபோது ராமமூர்த்தி குறுக்கே வந்து நின்றான்.

"பாக்காதே அக்கா. வேண்டாம்."

அவனை விலக்கிவிட்டுப் பார்த்தாள். கழுத்துக்குக் கீழிருந்து தையல் போட்டிருந்தது.

காரியங்கள் முடிந்ததும் வேலைக்குப் போனாள், மாலையில் வகுப்புக்கும் போனாள். ஸ்ம்ருதி ஒன்றும் கேட்காமல் அடுத்த நிலைப் புத்தகத்தைக் கொடுத்தாள். எலேனா ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். அவளுடைய அப்பாவின் முழங்கால் வலி, இங்கே டெல்லியின் புகை, காமாக்ஷியின் இருமல் என்று பேச்சு ஓடும். அவள் ஸ்பானிஷ் தேறிவிட்டது என்று எலேனா பாராட்டிய ஒரு ஞாயிறன்று, காமாக்ஷியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அன்னிக்கு நீ சொன்னது எனக்குப் புரிஞ்சுது" என்று ஸ்பானிஷிலேயே சொல்லிவிட்டாள்.

அந்தப் பக்கம் ஒரு குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"ஏன்?" என்றாள் எலேனா.

"அவனைக் கீறக் கூடாதுன்னு நினைச்சேன்."

"ஆனா கீறினாங்களே."

"ஆமாம்."

எலேனா போனை வைத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு கூப்பிடவில்லை. காமாக்ஷி கூப்பிட்டபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது. தீபாவளிக்குப் பிறகு அந்த எண்ணே வேலை செய்யவில்லை.

"இன்னும் எதுக்கு அந்த கிளாஸுக்குப் போறே?" என்று ஒரு நாள் ராமமூர்த்தி கேட்டான். "பேசறதுக்குதான் யாரும் இல்லையே."

காமாக்ஷி பையில் புத்தகத்தை வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"ஆத்துல இருந்தா மட்டும் யார் இருக்கா?" என்று சொல்லிவிட்டு மெட்ரோவுக்குக் கிளம்பினாள்.