மடவைச் சினை

படூரில் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக்குப் பின்னால், கல்லூரிப் பேருந்துகள் திரும்பும் சந்தில் ஒரு மெஸ் இருக்கிறது. பெயர்ப்பலகை உண்டு, ஆனால் எல்லோரும் அக்கா கடை என்றுதான் சொல்வார்கள். காலையில் இட்லியும் வடகறியும். மதியம் சோறு, மீன் குழம்பு, அன்றைக்குக் கிடைத்த மீனில் வறுவல். அக்கா கடப்பாக்கத்துக்காரர். சமையல் அவர் கையில், பரிமாறுவது அவர் கணவர்.

நான் ஈரோட்டுப் பக்கம். ஐடி வேலைக்காக இங்கே வரும்வரை கடல்மீனை ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை. முதல் நாள் போனபோது, கம்பெனிப் பையன்களும் கட்டட வேலைக்காரர்களும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் தயங்கி நின்ற என்னைப் பார்த்து, சமையல்கட்டு வாசலை ஒட்டிய சின்ன மேசையைத் துடைத்து, "இங்க குந்துங்க மேடம்" என்றார் அக்கா. அன்றிலிருந்து அது என் இடமானது. ஒரு வருஷத்துக்கு மேல் அங்கேதான் என் மதியச் சாப்பாடு. அக்காவுக்கு முதுகு வலி எந்தப் பக்கம் என்பதுகூட எனக்குத் தெரியும். நான்தான் அந்தக் கடையின் செல்லம் என்று நானாகவே முடிவு செய்து வைத்திருந்தேன்.

அந்த நினைப்பில்தான் என் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண்ணை அங்கே கூட்டிப் போனேன். என் கடையை அவளுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை. அவள் படாளத்துக்காரி. அவளுடைய தாத்தா பாட்டி அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அப்பா ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். குடும்பத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் முதல் ஆள் அவள்தான்.

முதல் வாய் சாப்பிட்டதுமே சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, "இன்னாக்கா, புளி கொஞ்சம் தூக்கலா கீதே" என்றாள். எனக்குப் பகீரென்றது. அக்கா கரண்டியோடு வெளியே வந்தார். எந்த ஊர் என்று கேட்டார். படாளம் என்றதும், தன் நாத்தனாரைக் கொடுத்த ஊர் என்றார். எந்தத் தெரு, யார் வீடு என்று இருவரும் பேச ஆரம்பித்தார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். கிளம்பும்போது, "நாளைக்கு வாடி, புளி கம்மியா போட்டு வெக்கிறேன்" என்றார் அக்கா.

வாடி. ஒரு வருஷமாக நான் "வாங்க மேடம்".

பிறகு எல்லாமே வேகமாக நடந்தது. அவள் கை கழுவப் போகிற சாக்கில் சமையல்கட்டுக்குள் போவாள். அப்பளம் பொரித்துக் கொடுப்பாள். கல்லில் ஒட்டியிருக்கும் மசாலாவைச் சுரண்டித் தட்டில் போட்டுக்கொண்டு வருவாள். உள்ளே இருந்து இருவரின் சிரிப்பும் கேட்கும். என்ன விஷயம் என்று கேட்டால், "சும்மா, ஊர்க் கதை" என்பாள். நானும் ஒருநாள் அப்பளம் பொரிக்க வருகிறேன் என்று எழுந்தேன். அக்கா பதறி, "ஐயோ, எண்ணெ தெறிக்கும் மேடம், நீங்க குந்துங்க" என்றார். உட்கார்ந்தேன்.

ஒரு மழைக்கால மதியம். அன்றைக்கு மடவை மீன். எனக்கு வழக்கம்போல ஒரு வறுத்த துண்டு வந்தது. அவளுக்கு ஒரு கிண்ணம் தனியாக வந்தது. உள்ளே மஞ்சளாக, நீளமாக, மிளகாய்த்தூளில் புரட்டி வறுத்த ஏதோ ஒன்று. என்ன என்று கேட்டேன். மீன் சினை, மீன் முட்டை என்றாள். அப்படி ஒன்று அந்தக் கடையில் உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்குப் போதும் என்று சொல்லிப் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் அக்கா கடைக்குப் போகவில்லை. டயட் என்று அவளிடம் சொல்லிவிட்டு, மெயின் ரோட்டில் ஏசி போட்ட ஓட்டலில் தனியாக உட்கார்ந்து ஃபிரைட் ரைஸ் சாப்பிட்டேன். அது வாயில் வைக்கச் சகிக்கவில்லை. மணியைப் பார்க்கும்போதெல்லாம், இந்நேரம் அவர்கள் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்றுதான் மனசில் ஓடும். நான் ஏன் வரவில்லை என்று அக்கா கேட்டிருப்பாரா?

கடைசியில் அவள் விடுப்பில் இருந்த ஒருநாள் போனேன். ஊருக்குப் போயிருந்தீர்களா என்று அக்கா சாதாரணமாகக் கேட்டார். அந்தச் சாதாரணம் தாங்காமல் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

"எனக்கெல்லாம் சினை குடுக்க மாட்டீங்களாக்கா?"

அக்கா எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"மொத நாளு இன்னா கேட்டீங்க நீங்க? முள்ளு இருக்குமான்னு பயந்துகினே கேட்டீங்க. அதான் உங்களுக்குன்னு முள்ளு கம்மியா கீற துண்டா பாத்துப் பாத்து எடுத்து வெக்கிறேன். செனை கவுச்சி அடிக்கும், துன்ன மாட்டீங்கன்னு நெனச்சிட்டேன்."

இத்தனை நாள் முள் தொண்டையில் சிக்காததற்கு என் சாமர்த்தியம்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். நெகிழ்ந்துபோக வேண்டிய இடம்தான், நெகிழவும் செய்தேன். ஆனால் அலுவலகத்துக்கு நடந்து திரும்புவதற்குள் மனசு வேறு கணக்குப் போட்டது. முள் பார்த்து வைப்பது விருந்தாளிக்கு. கவுச்சியோடு கொடுப்பது சொந்தக்காரிக்கு.

அடுத்த முறை மடவை வந்தபோது எங்கள் இருவருக்கும் சினை வந்தது. அவளுடையது பெரிதா என்று பார்த்தேன். பெரிதில்லை. கடித்தால் மணல் மாதிரி நறநறத்தது. எனக்குப் பிடிக்கவில்லை. அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் முழுவதையும் சாப்பிட்டேன். அவள் தன் கிண்ணத்தை என் பக்கம் தள்ளி, "உனக்குப் புடிச்சிருக்குல்ல, இதையும் துன்னு" என்றாள். அவளை வெறுக்கவாவது முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போன வருஷம் அவளுக்குப் பெங்களூருக்கு மாற்றல் வந்தது. கிளம்புவதற்கு முன்னால் கடைக்கு வந்தபோது, அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். கருவாட்டுத் தொக்கு ஒரு டப்பா நிறையக் கொடுத்தார். நான் அவளுடைய பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போதும் மதியம் அங்கேதான் போகிறேன். அக்கா நன்றாகத்தான் கவனிக்கிறார். சோறு போட்டதும், அவள் போன் செய்தாளா, அங்கே என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்பார். அப்படிக் கேட்கும்போது அவர் முகத்தில் ஒரு ஆவல் வரும். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. அதனால் உட்கார்ந்த உடனேயே, அவர் கேட்பதற்கு முன்னால், அவள் நன்றாக இருக்கிறாள் என்று நானே சொல்லிவிடுகிறேன்.